அப்பா கேட்ட கார்டு

மார்ச் பதினொன்றாம் தேதி காலையில் அப்பா போன் செய்தார். கம்ப்யூட்டரை ஆன் செய்தால் திரையில் ஒன்றும் வரவில்லை, உள்ளேயிருந்து சத்தம் மட்டும் வருகிறது என்றார்.

"என்ன சத்தம் டாடி?"

"ஒரு நீளம், மூணு குட்டை. மோர்ஸ் தந்தில அது 'பி'. பர்னபாஸ்னு என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுதுளா."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நான் கோயம்புத்தூரில் சர்க்யூட் போர்டு செய்யும் ஒரு கம்பெனியில், சோதனைப் பிரிவில் இருக்கிறேன். அந்த வகை போர்டில் ஒரு நீளம், மூன்று குட்டை என்றால் திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டு போர்டுக்குத் தட்டுப்படவில்லை என்று அர்த்தம். அதைச் சொன்னேன்.

"அப்போ கார்டு மட்டும் மாத்துனா போதும்லா? எதைப் போடலாம்னு பாத்துச் சொல்லு."

"டாடி, அது பதினேழு வருஷத்து மெஷின். தூக்கிப் போடுங்க. லேப்டாப் ஒண்ணு அனுப்புதேன்."

"நான் லேப்டாப் கேக்கலையே. கார்டுதான கேட்டேன்."

அன்று மாலை மூன்று படங்கள் அனுப்பினார். பழைய கார்டு; பக்கத்தில் டேப்பை நீட்டி வைத்திருந்தார், பதினாறரை சென்டிமீட்டர். கரண்ட் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியின் லேபிள், முன்னூறு வாட். போர்டில் கார்டு உட்காரும் ஸ்லாட். மூன்றும் தெளிவான படங்கள். கார்டு தேர்ந்தெடுக்க ஒருவருக்கு வேறெதுவும் தேவையில்லை. நான் பார்த்தேன். பதில் போடவில்லை. அப்புறம் அவரும் கேட்கவில்லை.

மே பதினொன்றாம் தேதி மாரடைப்பில் இறந்துபோனார். வயது அறுபத்தேழு.

அப்பா கப்பலில் ரேடியோ ஆபீசராகப் பதினெட்டு வருஷம் இருந்தவர். சேட்டிலைட் வந்ததும் அந்த வேலையே இல்லாமல் போயிற்று. தொண்ணூற்றொன்பதில் ஒரு சூட்கேசோடு தூத்துக்குடிக்கு வந்து, வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, படகுகளுக்கு ஜி.பி.எஸ்., ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர், வயர்லெஸ் எல்லாம் மாட்டிக் கொடுக்க ஆரம்பித்தார். பெயர்ப்பலகை வைக்கவில்லை. மீன்பிடித் துறைமுகத்தில் யாரிடம் கேட்டாலும் ரேடியோக்காரர் வீட்டுக்கு வழி சொல்வார்கள்.

இரண்டாயிரத்து எட்டில் அந்தக் கம்ப்யூட்டரை வாங்கியது ஒரே ஒரு வேலைக்காக. விசைப்படகுக்காரர்கள் ஜி.பி.எஸ்.ஸில் புள்ளி வைத்திருப்பார்கள். மீன் கிடைக்கும் இடம் ஒரு புள்ளி. அதை மச்சானுக்குக்கூடச் சொல்ல மாட்டார்கள். இழுவலை சிக்கும் இடம் இன்னொரு வகைப் புள்ளி. இழுவலையை இங்கே மடி என்பார்கள். பாறையோ மூழ்கிய படகோ, மடி சிக்கினால் எல்லாமே கல்தான். கல்லில் ரகசியம் கிடையாது. மடி சிக்கிய நிலையில் இன்ஜின் இழுத்துக்கொண்டே இருந்தால் படகு கவிழும். அதனால் யாருடைய மடி சிக்கினாலும், கரைக்கு வந்ததும் அந்த எண்ணை எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும்.

பதின்மூன்று படகுகளின் புள்ளிகள் அப்பாவிடம் இருந்தன. கருவி கெட்டால், திருடுபோனால் திரும்ப ஏற்றித் தருவார். ஒருவர் உள்ளே மீன் புள்ளி சொல்லும்போது அடுத்தவர் வந்தால் தெருவில் நிற்க வேண்டும். டி.வி.யைச் சத்தமாக வைத்துவிடுவார். அந்த நேரத்தில் அம்மாவும் முன்னறைக்குள் வரக்கூடாது. யாராவது புதுக் கல் சொன்னால் அன்றைக்கே பதின்மூன்று பட்டியலிலும் ஏற்றுவார். மற்றவர்கள் கருவியோடு வரும்போது அது அவர்களுக்கும் போய்விடும். எதையும் காகிதத்தில் எழுதியது கிடையாது. காகிதத்தை யாரும் எடுத்துப் படிக்கலாம் என்பார்.

ஜூன் பத்தாம் தேதி முப்பதாம் நாள் பூசை. சாப்பாடு முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகும் ஜாக்சன் மாமா உட்கார்ந்திருந்தார். அப்பாவின் முதல் பட்டியலே அவருடைய படகுக்குத்தான். இடுப்பில் பெல்ட் கட்டியிருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை.

"ஏளா ஜெனிஸ், இன்னைக்குக் கேக்கப்பிடாது. ஆனா நாள் இல்ல."

பைக்குள் புது ஜி.பி.எஸ். கருவி. மீன்பிடித் தடைக்காலத்தில் படகைக் கரையேற்றி வெல்டிங் வைத்தபோது பழையது கருகிவிட்டதாம்.

"இருநூத்திப் பன்னெண்டு புள்ளி. எல்லாம் உங்கப்பா பெட்டிக்குள்ள கெடக்கு. எனக்கு முதுகுல ஆபரேஷன், இந்தத் தடவை போவ முடியாது. கிளைட்டன்தான் வீல் பிடிக்கான். அவனுக்குக் கல்லு ஒண்ணும் தெரியாது."

கிளைட்டன் அவர் மகன். நான்கு வருஷமாகப் படகில் போகிறான். ஓட்டப்போவது முதல் தடவை.

"கல்லு மட்டும் மத்தவங்கட்ட வாங்க முடியாதா மாமா?"

"கல்லும் மீனும் ஒரே லிஸ்ட்ல கெடக்கு. எவன் மிஷினைத் தொறந்து காட்டுவான்? வாயால கேட்டா ரெண்டைச் சொல்லுவான், இருவதை மறந்துருவான். மறந்த கல்லுலதான் பிள்ளை போய் மாட்டுவான்."

"பெட்டியே ஓடலையே மாமா."

"நீ இஞ்சினியருல்லா?" என்றார்.

தடை சனிக்கிழமையோடு முடிகிறது. ஞாயிற்றுக்கிழமை இங்கே கடலுக்குப் போக மாட்டார்கள். திங்கள் விடியற்காலை ஐந்து மணிக்குப் படகுகள் கிளம்பும். அன்று செவ்வாய்க்கிழமை.

புதன்கிழமை முதல் வேலையாக ஹார்டு டிஸ்கைக் கழற்றி என் லேப்டாப்பில் மாட்டி முழுவதையும் நகல் எடுத்தேன். நல்ல நிலையில் இருந்தது. ஆனால் நகலால் பயனில்லை. புள்ளிகள் அந்தக் கடல் வரைபட புரோகிராமுக்கு மட்டும் புரியும் வடிவத்தில் இருந்தன. அதை விற்ற கம்பெனி இப்போது இல்லை. பெட்டியின் பின்னால், பழைய பிரிண்டர் மாட்டும் அகலமான போர்ட்டில், டாங்கிள் என்ற ஒரு சிறிய மின்சாவி செருகியிருக்கும். அந்தச் சாவி இல்லாமல் புரோகிராம் திறக்காது. என் லேப்டாப்பில் அப்படி ஒரு போர்ட்டே இல்லை. ஆகவே அந்தப் பெட்டியே உயிரோடு எழுந்தாக வேண்டும்.

பழைய கார்டைப் பார்த்தேன். கடற்காற்றில் செம்புக் கோடுகள் பச்சை பிடித்திருந்தன. இரண்டு கெப்பாசிட்டர் உப்பியிருந்தன. மாற்றினேன். ரப்பரால் தங்க முனைகளைத் தேய்த்துச் செருகினேன். ஒரு நீளம், மூன்று குட்டை. சிப்பே போய்விட்டது.

அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அது கூப்பிடுறதுக்கு அவர் பதில் சொல்லுவாரு. நீ என்ன சொல்லப் போற?" என்றாள். அவளுக்கு என்மேல் கோபம் இருந்ததா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மார்ச்சில் அவர் அனுப்பிய மூன்று படங்களைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். புதுக் கார்டு எதுவும் ஆகாது. பெட்டியில் இருப்பது விண்டோஸ் எக்ஸ்.பி. அந்தப் புரோகிராம் கடலடியை மேடு பள்ளமாக வரைந்து காட்டுவது. கார்டுக்கு உரிய டிரைவர் இல்லாவிட்டால் திறக்கவே செய்யாது. எக்ஸ்.பி.க்கு டிரைவர் எழுதுவதை எல்லோரும் எப்போதோ நிறுத்திவிட்டார்கள். 1030 என்று ஒரு கார்டு கடைகளில் கிடைக்கிறது. அதற்கு எக்ஸ்.பி. டிரைவர் கிடையாது. அப்பாவின் மானிட்டருக்கு வேண்டிய நீல வி.ஜி.ஏ. வாயும் அதில் இல்லை. கேம் ஆடுகிறவர்கள் கழித்துப்போடும் பெரிய கார்டுகள் மலிவு. அவை தனியாக ஒரு கரண்ட் வயர் கேட்கும். இந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸில் அந்த வயர் இல்லை. இழுத்துக் கொடுத்தாலும் பதினேழு வருஷத்துப் பெட்டி தாங்காது. அது வெடித்தால் போர்டும் போகும், டாங்கிளும் போகும். நான்கு ஜி.பி. என்று அட்டையில் போட்டு இணையத்தில் மலிவாக விற்கும் 730 கார்டுகள் சில போலி. மேலே ஒரு பெயர், உள்ளே வேறு சிப்.

மிஞ்சியது 710. பத்தொன்பது வாட் போதும். வி.ஜி.ஏ. வாய் உண்டு. நீளம் பதினாறரைக்குள். எக்ஸ்.பி.க்கு வந்த கடைசி டிரைவர்களில் ஒன்று அதை ஏற்கும். ஆர்டர் போட்டால் பதினெட்டாம் தேதிதான் வரும் என்று காட்டியது. இந்தக் கணக்கைப் போட எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. மார்ச்சிலும் அவ்வளவுதான் ஆகியிருக்கும்.

வியாழக்கிழமை லிங்கராஜ் அண்ணாச்சியின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். அந்தப் பெட்டியைப் பாகம் பாகமாகச் சேர்த்துக் கொடுத்ததே அவர்தான்.

"வா பாப்பா. சரக்கெடுக்க மதுரை போயிருந்தேன், அப்பா முகத்தைப் பாக்க முடியாமப் போச்சு" என்றார். பிறகு நான் கேட்டதைச் சொன்னதும் என்னையே பார்த்தார்.

"710-ஆ? அப்பாவும் இதத்தான கேட்டாவ."

"எப்போ அண்ணாச்சி?"

"மார்ச்சு கடைசி. ஒரே ஒரு பீஸ் இருந்துச்சு. எடுத்து மேசையில வச்சேன். அளவெடுத்தாவ, திருப்பித் திருப்பிப் பாத்தாவ. எல்லாஞ் சரியா இருக்கு, ஆனா பொண்ணுட்ட கேட்டிருக்கேன், அவ சொல்லட்டும், வாங்கிக்கிடுதேன்னாவ. நீங்களே கண்டுபிடிச்சிட்டியளே அண்ணாச்சி, பெறகென்னன்னு கேட்டேன். 'அவ படிச்ச படிப்பு, அவ வாயால வரட்டும்'னுட்டாவ. ரெண்டு மாசம் வச்சிருந்தேன் பாப்பா. மே கடைசில வித்துட்டேன்."

அவர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

"யாருக்கு வித்தீங்க?"

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பானுப்ரியாவுக்கு. இரண்டாவது மானிட்டர் மாட்ட வாங்கியிருக்கிறாள். அவளுடைய மெஷின் புதிது. அதில் 1030 தாராளமாக ஓடும். அண்ணாச்சியிடம் ஒரு 1030 வாங்கிக்கொண்டு நேரே அங்கே போனேன். கடை முழுக்க கல்லூரி விண்ணப்பம் போட வந்த கூட்டம். பானுப்ரியா கீபோர்டிலிருந்து கையை எடுக்காமல் கேட்டாள்.

"புதுசைக் குடுத்துட்டுப் பழசைக் கேக்கீங்களா? இதுல என்னக்கா ஏமாத்து?"

"ஏமாத்து இல்ல. எனக்குப் பழசுதான் ஓடும்."

"எங்கிட்ட ஒருத்தரும் இப்படிப் பேசுனது இல்ல. பயமா இருக்கு." லிங்கராஜ் அண்ணாச்சிக்குப் போன் போட்டாள். "அண்ணாச்சி, இங்கன ஒரு அக்கா நிக்காவ, நல்லவங்களா?" அவர் என்ன சொன்னாரோ, குரல் இறங்கியது. "சரிக்கா. ஆனா சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் மெஷினை நிறுத்த முடியாது. பிள்ளைங்க அப்ளிகேஷனுக்கு அதான் கடைசி நாள்."

காத்திருப்பதைத் தவிர வழியில்லை. வெள்ளிக்கிழமை முழுவதும் அப்பாவின் பெட்டியில் தூசி எடுத்தேன், டிரைவரைத் தேடி இறக்கி பென் டிரைவில் போட்டேன். சனிக்கிழமைக்குள் பானுப்ரியாவின் கடையில் கரண்ட் ஏறி இறங்கி அந்தக் கார்டு போய்விட்டால் என்ன செய்வது என்று மூன்று முறை அவளுக்குப் போன் செய்தேன். மூன்றாவது முறை, "அக்கா, உங்க கார்டு உயிரோடதான் இருக்கு, நான்தான் செத்துருவேன்" என்றாள். சொன்னபின் நாக்கைக் கடித்திருக்க வேண்டும். "மன்னிச்சிருங்கக்கா" என்றாள்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு அந்தக் கார்டு அப்பாவின் மேசைமேல் இருந்தது.

பெட்டியின் இரும்பைத் தொட்டுக் உடம்பில் இருக்கும் நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு, கார்டைச் செருகி, திருகை முடுக்கினேன். அம்மாவைத் தள்ளி நிற்கச் சொன்னேன். ஸ்விட்சைப் போட்டேன். விசிறி சுற்றியது. நான்கு வினாடி ஒன்றுமில்லை. பிறகு ஒரே ஒரு குட்டைச் சத்தம். திரையில் எழுத்துகள் வந்தன. டிரைவரை ஏற்றும்போது திரை மறுபடி கறுத்தது. எண்ணினேன். பதினொன்று எண்ணியதும் வந்தது.

புரோகிராம் திறந்தது. கடல் விரிந்தது. யாருடைய பட்டியலையும் தேர்ந்தெடுக்காமல் திறந்ததால் பதின்மூன்று பட்டியல்களும் ஒன்றாக வந்துவிட்டன, ஒவ்வொன்றும் ஒரு நிறத்தில். மீன் புள்ளிகள். பத்து இடங்களில் நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. மச்சானுக்குச் சொல்லாத இடமும் மச்சான் சொல்லாத இடமும் ஒரே இடம். அப்பாவுக்கு இது இத்தனை வருஷமும் தெரியும். தெருவில் நிற்க வைத்து, டி.வி.யைச் சத்தமாக வைத்து, ஒவ்வொருவரிடமும் அதே எண்ணை வாங்கி ஏற்றியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னளா?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா." மற்றவற்றை மூடிவிட்டு ஜாக்சன் மாமாவின் பட்டியலை மட்டும் வைத்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு. அதில் கல் அறுபத்தொன்று.

அதன் கீழே கடைசியாகச் சேமித்த தேதி இருந்தது. மார்ச் ஒன்பது.

ஐந்து மணிக்கு மாமா வந்தார். புள்ளிகளைக் கருவிக்கு ஏற்றினேன். ஒரு கல்லை மனப்பாடமாகச் சொல்லி ஒத்துப் பார்க்கச் சொன்னார்: "எட்டு முப்பத்தஞ்சு அறுநூறு." கருவியில் முப்பத்தைந்துக்குப் பிறகு முப்பத்தாறு என்று இருந்தது. அவர் முகம் மாறியது. கருவியின் அமைப்பைத் திறந்து பார்த்தேன். பிறகு புரிந்தது. எட்டு டிகிரி, முப்பத்தைந்து நிமிஷம்; அதற்குப் பிறகு படகுக்காரர்கள் நிமிஷத்தை ஆயிரமாகப் பிரித்துச் சொல்கிறார்கள். புதுக் கருவி வினாடியில் காட்டுகிறது. ஆயிரத்தில் அறுநூறும் அறுபது வினாடியில் முப்பத்தாறும் ஒன்றுதான். அதை மாற்றி வைத்தேன். மாற்றாமல் விட்டிருந்தால், வயர்லெஸில் கேட்கும் எண்ணைக் கிளைட்டன் வேறு இடத்தில் போட்டிருப்பான்.

மாமா எழுந்தபோது சொன்னேன்.

"மார்ச் ஒம்பதுக்கு அப்புறம் இதுல ஒண்ணும் இல்ல மாமா. தடை தொடங்குறவரைக்கும் நீங்கல்லாம் ஒரு மாசத்துக்கு மேல கடலுக்குப் போயிருக்கீங்க."

அவர் மறுபடி உட்கார்ந்தார். "அந்த மாசத்துல நாலஞ்சு பேருக்கு மடி கிழிஞ்சுதே."

"டாடிட்ட சொன்னாங்களா?"

"சொல்லாம? மடி கிழிஞ்சவன் வீட்டுக்குப் போவுறதுக்கு முந்தி இங்கனதான் வருவான்."

அம்மாவைப் பார்த்தேன். "அவரு என்னைக்கு எழுதுனாரு? கார்டு வந்ததும் ஏத்திருதேன்னு எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டிருந்தாரு" என்றாள்.

பிறகு மாமா போனை எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். "ஏலே, ரேடியோக்காரர் வீட்டுக்கு வா. உன் மீனை எவனும் கேக்கல, கல்லைச் சொல்லிட்டுப் போ."

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து வந்தார்கள். பன்னிரண்டு பேரில் எட்டுப் பேர். ஜெபசீலன் அண்ணன் முதலில் வந்து, கல்லைக்கூடக் காதோடு காதாகச் சொன்னார். "கல்லுதானண்ணே, சத்தமாச் சொல்லுங்க" என்றேன். "பழக்கம்" என்றார். எண்ணை நான் திரும்ப வாசித்துக் காட்டினேன். அவர் சரி என்ற பிறகுதான் ஏற்றினேன். ஒருவர் தேதியைச் சொன்னார், எண்ணை மறந்துவிட்டார். தலையில் அடித்துக்கொண்டார். "உங்கப்பாட்ட சொல்லிட்டோம்லான்னு நானும் விட்டுட்டேன்" என்றார். மாலைக்குள் ஆறு புதுக் கற்கள் சேர்ந்தன. வராத நான்கு பேரில் மூவர் போனை எடுக்கவில்லை. ஒருவர் ராமேஸ்வரத்தில் இருந்தார், தனக்கு ஒன்றும் சிக்கவில்லை என்றார். கிளைட்டன் வந்து கருவியை வாங்கிப் போனான். "அக்கா, அறுவத்தேழு கல்லா? தண்ணி எங்கக்கா இருக்கு?" என்று கேட்டான்.

திங்கட்கிழமை ஐந்து மணிக்குப் படகுகள் போயின. பகல் முழுவதும் நடுக்கடலில் போனுக்கு சிக்னல் கிடையாது. நான் சமைத்தேன். துணி மடித்தேன். வராத மூன்று பேரைத் திரும்பத் திரும்ப நினைத்தேன். வியாழக்கிழமை கோயம்புத்தூர் திரும்ப டிக்கெட் போட்டிருந்தேன். அதை ரத்து செய்யலாமா என்று பார்த்துவிட்டு மூடினேன். மறுபடி பார்த்தேன்.

ஏழு மணிக்கு ஜாக்சன் மாமா போன் செய்தார்.

"வந்துட்டான்ளா."

"மடி?"

"மடி போச்சு. மத்தியானம் கல்லுல மாட்டிட்டு. மாட்டுன ஒடனே இன்ஜினைக் கொறச்சு, ரெண்டு ரோப்பையும் வெட்டி விட்டுட்டான். ஒரு பக்கம் சாஞ்சு தண்ணி உள்ள ஏறிட்டாம். ஒருத்தனுக்கும் ஒண்ணும் இல்ல."

"லிஸ்ட்ல இல்லாத கல்லா மாமா?"

"இல்லாததுதான்."

அது மார்ச்சுக்குப் பிறகு யாரோ அப்பாவிடம் வந்து சொன்ன கல்லா, இதுவரை யாருக்குமே தெரியாத கல்லா என்று எனக்குத் தெரியாது.

"மாமா, மார்ச்சுல டாடி எங்கிட்ட கார்டு கேட்டாங்க. போட்டோ எல்லாம் அனுப்புனாங்க. நான் பதில் சொல்லல."

மறுமுனையில் ஐஸ் உடைக்கும் சத்தம் கேட்டது.

"லிங்கராஜ் சொன்னான்" என்றார். பிறகு, "கிளைட்டன் நம்பர் குறிச்சுட்டு வந்திருக்கான். இப்போ சொன்னா எழுதுவியா, காலையில சொல்லட்டுமா?"

"இப்பவே சொல்லச் சொல்லுங்க."

முன்னறைக்குப் போய்ப் பெட்டியை ஆன் செய்தேன். கிளைட்டன் போனை வாங்கினான்.

"எட்டு, முப்பத்தெட்டு, நானூத்தி இருவது. எழுவத்தெட்டு, இருவத்தாறு, நூத்தி அஞ்சு."

திரும்ப வாசித்தேன்.

"சரிக்கா" என்றான்.

பதின்மூன்று பட்டியலிலும் ஏற்றி முடிக்க நாற்பது நிமிஷம் ஆனது. ஞாயிற்றுக்கிழமை போனை எடுக்காத மூவரின் பட்டியல்களிலும் ஏற்றினேன். அதன் பிறகு அவர்களுக்கு மறுபடி போன் செய்ய ஆரம்பித்தேன்.